டாக்டர் ஜோஸப் கோல்ட்பெர்கர்

உடலில் ஒரு நோய் தோன்றின் உற்றாரும் மற்றோரும் இரங்குவர். மனத்தில் ஒரு நோய் தோன்றினோ, இரங்குவோர் சிலர், அஞ்சுவோர் பலர், மறைப்போர் அவரினும் பலர். பித்தென்பது முன்னை வினையென்றும், பேயின் சேட்டையென்றும், குலத்தில் ஓடும் குற்றமென்றும் கருதி, அதனால் தாக்குண்டாரை ஒரு மூலையில் ஒதுக்கி வைத்தல் எந்நாட்டிலும் நிகழ்ந்து வந்ததேயாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கல்வியினும் செல்வத்தினும் ஓங்கி நின்ற அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் நிலைமை இதுவே. அந்நாட்டின் தென்மாகாணங்களிலுள்ள பித்தர் மருத்துவச்சாலைகளில் அக்காலத்து அடைபட்டுக் கிடந்தவருள் ஒரு பகுதியார், அன்றாட உணவில் மிகச் சிறிய அளவில் இருக்கவேண்டிய ஒரு சத்து இல்லாமையினாலேயே அறிவு திரிந்தவராவர். அச்சத்து இன்று பி வைட்டமின்கள் எனப்படும் தொகுதியைச் சேர்ந்தது. அதற்கு இன்னும் பெயரிடப்படாத காலத்தில், அதனைக் கண்ணாற் காணாமலே, அஃது உண்டென்பதையும் இல்லாதவிடத்து விளையும் கேட்டையும் ஐயமற நாட்டியவர் டாக்டர் ஜோஸப் கோல்ட்பெர்கர் என்பார்.

அவர் 1874-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 16-ஆம் நாள், அந்நாளில் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசில் அடங்கியிருந்ததும் இந்நாளில் ஸ்லோவாக்கிய நாட்டில் உள்ளதுமாகிய கிரால்ட் என்னும் சிற்றூரில், ஆடு வளர்த்துப் பிழைத்த ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தார். 1883-இல் அக்குடும்பம் கடல் கடந்து நியூயார்க் நகரையடைந்து, பிறநாடுகளிலிருந்து வந்த ஏழைகள் நெருங்கி வாழ்ந்த கீழ்த்திசைப் பகுதியில் ஒரு மளிகைக் கடை வைத்தது. மளிகைக் கடைக்காரர் மகனுக்கு, எவர் வீட்டில் என்ன வாங்குகின்றனர், எவர் வீட்டில் எதை வாங்க இயலவில்லை என்பது இளமையிலேயே தெரிந்துவிடும். பிற்காலத்தில் அவர் செய்த ஆராய்ச்சிகளை நோக்குங்கால், அக்கடையும் அவர்க்கு ஒரு பள்ளிக்கூடமாக இருந்திருத்தல் வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகின்றது.

பதினாறாம் வயதில் நியூயார்க் நகரக் கல்லூரியிற் சேர்ந்து பொறியியல் கற்கலானார். கற்றுக்கொண்டிருக்கையில் ஒருநாள் நண்பர் ஒருவருடன் பெல்வியூ மருத்துவக் கல்லூரிக்குச் சென்று, ஆஸ்டின் பிளின்ட் என்னும் பேராசிரியரின் சொற்பொழிவைக் கேட்டார். மனித உடலென்னும் பொறியினும் வியத்தகு பொறி வேறில்லை என்று அவர்க்குப் பட்டது போலும். அன்றோடு பொறியியலை விட்டு மருத்துவத்திற் புகுந்தார். 1895-இல் பட்டம் பெற்றுப் பென்சில்வேனியா மாகாணத்தில் ஒரு சிறு நகரத்தில் ஏறக்குறைய ஈராண்டு தாமே வைத்தியம் செய்து வந்தார். அத்தொழிலில் அவர்க்கு மனம் ஒன்றவில்லை. 1899-இல், பின்னர்ப் பொதுச் சுகாதார இலாகா எனப் பெயர்பெற்ற அரசாங்கக் கப்பல்துறை மருத்துவப் பகுதியிற் சேர்ந்தார். அதன்பின் இறக்குமளவும் அவர் அரசாங்க ஊழியராகவே இருந்தார்.

முதற் பதினைந்து ஆண்டுகளில் அவர் பார்த்த வேலை, தொற்றுநோய் எங்குத் தோன்றினும் அங்கு ஓடுதல். மெக்ஸிகோவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் மிஸிஸிப்பி ஆற்றங்கரை நகரங்களிலும் மஞ்சட்காய்ச்சலை எதிர்த்துப் போராடினார். மஞ்சட்காய்ச்சல், டெங்கு, டைபஸ் ஆகிய மூன்றும் அவரையே பிடித்து, மூன்றினின்றும் உயிர் தப்பினார். 1909-இல் பிலடெல்பியாவில் மாலுமிகளிடையே ஒருவகைத் தோலரிப்புத் தோன்றியபோது, அவர்கள் படுத்த வைக்கோல் மெத்தைகளினிடையே தம் கையையே நீட்டி வைத்து, அரிப்பு உண்டாவதைக் கண்டு, அதற்குக் காரணமாகிய சிற்றுண்ணியைப் பிடித்தார். தம்முடலையே சோதனைக்களமாக்கும் வழக்கம் அவர்க்கு அப்பொழுதே படிந்துவிட்டது. இடையில், 1906-இல், மேரி பாரர் என்னும் நங்கையை மணந்தார். அவ்வம்மையார் தென்னாட்டின் பழங்குடியொன்றைச் சேர்ந்த கிறிஸ்தவர். இவரோ குடியேறி வந்த யூதர். இரு குடும்பத்தாரும் முதலில் இசையவில்லை. அம்மணத்தின் உறுதி பத்தாண்டுகட்குப்பின் ஒரு விசித்திரமான முறையில் வெளிப்பட்டதை மேலே கூறுவேன்.

இனி, அவர் பெயரோடு பிணைந்துவிட்ட நோயைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். 1735-இல் ஸ்பெயின் நாட்டு வைத்தியராகிய காஸ்பார் காஸால் என்பவர், ஆஸ்தூரியாஸ் மலைநாட்டு ஏழைக் குடியானவரிடம் கண்ட ஒரு நோயை வர்ணித்தார். பின்னர் 1771-இல் இத்தாலிய வைத்தியராகிய பிராபொல்லி அதற்குப் பெலாகிரா என்னும் பெயரை நூலில் ஏற்றினார். சொரசொரப்பான தோல் என்பது அச்சொல்லின் பொருள். முதலில், வெயில் படும் இடங்களாகிய புறங்கை, பாதம், கழுத்து ஆகியவற்றில் தோல் சிவந்து, பின் கருத்து, வெடித்து உரியும். கழுத்தைச் சுற்றி மாலை அணிந்தாற்போல் அப்புண் வளையும். அடுத்து வாயும் நாவும் புண்ணாகி, வயிறு கழியும். மூன்றாவதாக நோய் மனத்திற் புகும். உறக்கம் கெடும், காரணமற்ற துயரமும் அச்சமும் தோன்றும், பெற்ற பிள்ளையையே யாரெனக் கேட்கும் மயக்கம் வரும், சிலர் தம்மைப் பிறர் கொல்ல வருவதாக அலறுவர், சிலர் வாய்திறவாது சுவரை நோக்கி அமர்ந்துவிடுவர். இந்நோயாளர் ஆறு குளங்களை நாடிச் சென்று வீழ்ந்து மடிவதை இத்தாலிய வைத்தியர் குறித்துள்ளனர். நான்காவது நிலை மரணம். தோலின் நோயென்று வெளியில் தெரிவதாயினும், குடும்பங்களை நடுங்கச் செய்தது அதன் மூன்றாம் நிலையேயாம்.

எங்கெங்கு ஏழைகள் மக்காச்சோளத்தையே முற்றிலும் நம்பி வாழ்ந்தனரோ அங்கங்கு இந்நோய் பரவிற்று. அமெரிக்காவில் அஃது இல்லையென்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1906-இல் அலபாமா மாகாணத்துப் பித்தர் மருத்துவச்சாலையொன்றில் 88 பேர்க்கு இந்நோய் கண்டு, அவருள் 57 பேர் மாண்டனர். அதன்பின் தேடியவிடமெல்லாம் நோய் தென்பட்டது. பித்தர் சாலைகள், அனாதைச் சாலைகள், சிறைகள், பஞ்சாலைக் குடியிருப்புகள், பருத்தி விளையும் நாட்டுப்புறங்கள் யாவற்றிலும் ஆண்டுதோறும் இளவேனிற் காலத்தில் அது தலைகாட்டிற்று. அதனாற் பித்தங்கொண்டு மருத்துவச்சாலையிற் சேர்ந்தோரும், வேறு காரணத்தால் அங்குச் சேர்ந்தபின் அவ்விடத்து உணவினால் அந்நோயுற்றோரும் என இருவகையார் அங்கு இருந்தனர். இவ்விரண்டாம் வகையாரின் நிலை எண்ணுந்தோறும் உள்ளத்தை உறுத்துவது.

நோயின் காரணம் யாது? கெட்டுப்போன மக்காச்சோளத்தின் நஞ்சென்றனர் சிலர். ஓடைகளிற் பறக்கும் ஒருவகை ஈ என்றனர் வேறு சிலர். 1912-இல் தென்கரோலினாவில் ஆராயப் புகுந்த ஒரு குழுவினர், கழிவுநீர் வசதியற்ற இடங்களில் நோய் மிகுதல் கண்டு, அது தொற்றுநோயே என்னும் கருத்திற்குச் சார்பாயினர். சார்ல்ஸ் டாவன்போர்ட் என்னும் புகழ்பெற்ற உயிர்நூற் புலவரோ 1916-இல், அது குருதிவழியாகத் தலைமுறைக்கு இறங்கும் பலவீனத்தைச் சார்ந்ததென எழுதினார். கிருமிகளைப் பற்றிய அறிவு புதிதாகப் பெருகி வெற்றிமேல் வெற்றி கண்டுவந்த காலமாதலின், எந்நோய்க்கும் ஒரு கிருமியைத் தேடுதலே அறிஞர்க்கு இயல்பாயிற்று. தொற்றுமென்னும் அச்சம் பரவவே, நோயாளரைச் சேர்க்க மறுத்த மருத்துவச்சாலைகளும் உண்டு; அவரைத் தீண்ட அஞ்சிய தாதியரும் உண்டு.

1914-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலாகாத் தலைவர் கோல்ட்பெர்கரை இவ்வாராய்ச்சிக்கு நியமித்தார். தொற்றுநோய்களிலேயே பழகிய ஒருவரைத் தேர்ந்தெடுத்ததன் கருத்து, அவர் கிருமியைக் கண்டுபிடிப்பார் என்பதாகவே இருத்தல் வேண்டும். அவரோ பரிசோதனைச்சாலைக்குள் நுழையாமல், தென்னாட்டின் பித்தர் சாலைகளையும் அனாதைச் சாலைகளையும் நேரே போய்ப் பார்த்தார். சில வாரங்களிலேயே, பல்லாண்டு பலரும் பார்த்திருந்தும் பொருட்படுத்தாத ஒன்று அவர் கண்ணிற் பட்டது. பித்தர் சாலைகளில் நோயாளரோடு இரவும் பகலும் உறைந்து, அவரைத் தூக்கியும் துடைத்தும் பணிசெய்த தாதியர் ஏவலாளருள் ஒருவர்க்கேனும் பெலாகிரா வரவில்லை. தொற்றுநோயாயின், தொட்டவரை விட்டுவிட்டுத் தொடப்பட்டவரையே பற்றுவது எங்ஙனம்?

அவர் அடுத்துச் சென்றது சமையலறைக்கு. பால், முட்டை, இறைச்சி முதலியன வந்தால் முதலில் எடுத்துக்கொள்வோர் பணியாளர். நோயாளர் தட்டில் விழுவன மக்காச்சோளக் கூழும், மாவுரொட்டியும், கருப்பம்பாகும், சிறிது பன்றிக் கொழுப்பும். அனாதைச் சாலைகளில் இதனினும் நுட்பமான வேற்றுமையொன்றைக் கண்டார். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை நோய் பெரும்பாலும் தீண்டவில்லை. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோரையும் அவ்வாறே. இடைப்பட்ட வயதினரே துன்புற்றனர். சிறு குழந்தைகட்குப் பால் கிடைத்தது. பெரிய பிள்ளைகள் பண்ணையில் உழைப்பவராதலின் அவர்க்கு இறைச்சி கூடுதலாகக் கிடைத்தது. நடுவில் நின்ற பிள்ளைகட்கு இரண்டும் இல்லை. இக்கருத்தை அவர் 1914-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலேயே அச்சிட்டு வெளியிட்டார்.

கருத்து வேறு, நிரூபணம் வேறு. மிஸிஸிப்பி மாகாணத்து ஜாக்ஸன் நகரில் இரண்டு அனாதைச் சாலைகளில் அரசாங்கப் பணத்தைக் கொண்டு உணவை மாற்றினார். பாலும் முட்டையும் இறைச்சியும் அவரையினமும் ஓட்ஸ் கஞ்சியும் சேர்த்தார். வீட்டையோ நீரையோ கழிவிடத்தையோ வேறெதனையுமோ மாற்றவில்லை. முந்திய ஆண்டில் நோயுற்றிருந்த 172 குழந்தைகளுள், அடுத்த ஆண்டில் ஒரே ஒருவர்க்குத்தான் நோய் திரும்பிற்று. ஜார்ஜியா மாகாணத்து மில்லெட்ஜ்வில் நகரப் பித்தர் மருத்துவச்சாலையில், இவ்வுணவு பெற்ற 72 நோயாளருள் ஒருவர்க்கும் நோய் மீளவில்லை. பழைய உணவையே உண்ட 32 பேருள் 15 பேர்க்கு மீண்டது. சில ஆண்டுகட்குப்பின் பணம் நின்றுபோக, அனாதைச் சாலைகளில் பழைய உணவு திரும்பியது. நோயும் உடன் திரும்பியது. மறுபடியும் பால் வந்தது, நோய் போயிற்று. இங்ஙனம் விளக்கை ஏற்றி அணைத்துக் காட்டினாற்போலக் காட்டியும் நம்பாதார் இருந்தனர்.

உணவால் நோயைப் போக்க முடியுமாயின், உணவால் அதனை உண்டாக்கவும் முடியவேண்டும் என்பது தருக்க நெறி. 1915-இல் ஜாக்ஸனுக்கு அருகிலுள்ள ராங்கின் சிறைப்பண்ணையில் அச்சோதனை நடந்தது. உடல்நலம் வாய்ந்த பன்னிரண்டு கைதிகள், முடிவில் விடுதலை தருவதாக மாகாண கவர்னர் வாக்களித்ததன்பேரில் இசைந்து முன்வந்தனர். ஒருவர் இடையில் விலகப் பதினொருவர் நின்றனர். வெள்ளை மாவு, மக்காச்சோளம், தீட்டிய அரிசி, சர்க்கரை, பாகு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சிறிது கீரை: இவையே அவர்கள் உணவு. வயிறு நிறைய உண்ணத் தடையில்லை. ஏறத்தாழ ஐந்து மாதம் கழிந்ததும் அவர்களுள் அறுவர்க்குப் பெலாகிராவின் புண் தோன்றிற்று. அதே பண்ணையில் வழக்கமான உணவுண்ட ஏனைக் கைதிகளிடம் அது காணப்படவில்லை. வாக்களித்தவாறே பதினொருவரும் விடுதலை பெற்றனர்.

இச்சோதனையை இன்று படிக்கும் நாம் தயங்காமல் பாராட்ட இயலாது. சிறைக்கதவைத் திறந்துவிடுவதாகக் கூறிப் பெறும் சம்மதம் முழுச் சம்மதமாகுமா என்னும் கேள்வி பின்னாளில் எழுந்தது. இன்று எந்த நாகரிக நாட்டிலும் அவ்வாறு செய்ய விடமாட்டார். கோல்ட்பெர்கருக்கும் இது குறையாகவே நிற்கும். ஆயினும், பிறரைச் சோதித்துத் தாம் ஒதுங்கி நின்றார் என்று அவரைச் சொல்வதற்கில்லை. அடுத்து நிகழ்ந்ததே அதற்குச் சான்று.

சிறைப்பண்ணையில் தோன்றியது பெலாகிராவே அன்று என்றும், கிருமி எங்கோ மறைந்துள்ளது என்றும் எதிர்ப்பாளர் வைத்தியச் சங்கங்களில் இடித்துரைத்தனர். 1916 ஏப்ரல் மாதத்தில் கோல்ட்பெர்கரும் அவருடைய துணைவராகிய டாக்டர் ஜார்ஜ் வீலரும் பெலாகிரா நோயாளரின் இரத்தத்தை எடுத்துத் தம் உடலிற் செலுத்திக்கொண்டனர். நோயாளரின் மூக்கிலும் தொண்டையிலும் துடைத்த பஞ்சால் தம் மூக்கையும் தொண்டையையும் தடவினர். அதனோடு அமையாது, நோயாளரின் புண்செதில், சிறுநீர், மலம் ஆகியவற்றைக் கோதுமை மாவிற் பிசைந்து உருண்டையாக்கி விழுங்கினர். இரைப்பையின் புளிப்பு கிருமியைக் கொன்றுவிட்டதெனப் பின்னர் ஒருவரும் சொல்லாவண்ணம், முன்னதாகச் சோடா உப்பையும் உட்கொண்டனர். எழுதவே கூசும் இச்செயலை அவர்கள் பல இடங்களில் பன்முறை செய்தனர். கலந்துகொண்டவர் மொத்தம் பதினாறு பேர். ஒருவர் தவிர யாவரும் ஆடவர். அவ்வொருவர் திருமதி மேரி கோல்ட்பெர்கர். உருண்டையை விழுங்க அவரை ஆடவர் விடவில்லை. பெலாகிராவால் இறக்குந் தறுவாயிலிருந்த ஒரு பெண்ணின் இரத்தத்தை அவர் தம் வயிற்றுத்தோலில் ஊசிவழியே ஏற்றுக்கொண்டார். அக்காலத்து அவர் சிறு குழந்தைகளின் தாய். பதினாறு பேருள் ஒருவர்க்கும் பெலாகிரா வரவில்லை.

இவ்வளவில் அவர் நின்றிருப்பினும் புகழுக்குக் குறைவில்லை. ஆனால், நல்ல உணவு நோயைத் தடுக்குமாயின், அவ்வுணவை மக்கள் ஏன் உண்ணவில்லை என்னும் கேள்வி அவரை விடவில்லை. அறியாமையாலா? சோம்பலாலா? எட்கர் ஸைடன்ஸ்ட்ரிக்கர் என்னும் பொருளியல் அறிஞரைத் துணைக்கொண்டு, 1916 முதல் தென்கரோலினா மாகாணத்தின் பஞ்சாலைக் குடியிருப்புகளில் வீடு வீடாகப் புகுந்தார். இருவாரத்திற்கொருமுறை ஒவ்வொரு வீட்டிலும் நோயுற்றார் உளரா என்று பார்த்தனர். குடும்பத்தின் வருவாய் யாது, என்ன வாங்கினர், தோட்டம் உண்டா, பசு உண்டா என்று கணக்கெடுத்தனர். வருவாய் ஏற ஏற நோய் படிப்படியாக இறங்குதல் தெளிவாயிற்று. வருவாய் ஏறக்குறைய ஒத்த இரண்டு குடியிருப்புகளுள் ஒன்றில் நோய் மிக்கும் ஒன்றில் இன்றியும் இருந்தமைக்கும் காரணம் கண்டனர். ஒன்றின் அருகில் உழவர்கள் பாலும் காயும் இறைச்சியும் கொணர்ந்து விற்றனர். மற்றதன் அருகில் கண்ணுக்கெட்டிய தூரம் பருத்தியே விளைந்தது. ஒரே வீட்டிலும், ஆலைக்குப் போகும் ஆடவர்க்கு நல்ல பங்கும் தாய்க்கு எஞ்சியதும் போனமையாற் பெண்களே மிகுதியாக நோயுற்றனர். நம் நாட்டு வீடுகளையும் அறிந்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நாட்டுப்புறத்திலோ பருத்தியே அரசு செலுத்தியது. பிறர் நிலத்தை வாரத்திற்கு உழுத குடியானவர், வாயில்வரை பருத்தியே விதைக்கும்படி நிலக்கிழவராலும் கடன்கொடுத்த வணிகராலும் நெருக்கப்பட்டனர். காய்கறிக்கு ஒரு பாத்தியும் பசுவிற்கு ஒரு புற்றரையும் இல்லை. அறுவடை வரைக்கும் கடனுக்குக் கிடைத்தவை மக்காச்சோள மாவும் பாகும் கொழுப்பும். குளிர்காலம் முழுவதும் அவற்றையே தின்று, இளவேனிலில் வெயில் ஏறியதும் கை உரிந்து மனம் கலங்கினர். ஆகவே பெலாகிராவின் வேர் சமையலறையிலும் இல்லை, கடன் புத்தகத்தில் இருக்கிறது என்பது அவருடைய முடிபாயிற்று. மருத்துவர் ஒருவர் இவ்வாறு கூறத் துணிந்தது அந்நாளில் அரிது.

துணிந்ததன் பயனையும் அவர் விரைவிலே கண்டார். 1920-இல் பருத்தி விலை வீழ்ந்தது. 1921-இல் தென்னாட்டில் இந்நோய் பெருகுமென அவர் எச்சரிக்க, ஜனாதிபதி ஹார்டிங், செஞ்சிலுவைச் சங்கத்தார் உதவிக்கு எழுமாறு வேண்டினார். தென்னாட்டுப் பிரமுகர்கள் நன்றி கூறுவதற்கு மாறாகச் சினந்தெழுந்தனர். தங்கள் நாட்டிற் பஞ்சமும் கொள்ளைநோயும் உண்டென்பது அவதூறு என்றும், முதலீடு செய்வோரும் குடியேறுவோரும் அஞ்சி விலகுவர் என்றும் பத்திரிகைகளிலும் சபைகளிலும் கண்டித்தனர். பசித்தவர்க்கு இழுக்கென்று ஒன்றைக் கருதி, பசியே இல்லையென்று சாதித்தனர்.

சமுதாயத்தை மாற்றுதல் தம் கையில் இல்லையென உணர்ந்தபின், ஏழையும் வாங்கத்தக்க ஒரு மருந்தைத் தேடுவதே அவர் முயற்சியாயிற்று. நாய்கட்கு வரும் கருநாக்கு என்னும் நோய் பெலாகிராவை ஒத்ததென அறிந்து, நாய்களைக்கொண்டு ஒவ்வோர் உணவாகச் சோதித்தார். பீர் வடிக்கும் சாலைகளிற் பயன்படும் ஈஸ்ட் என்னும் நொதிப்பொருள், மிக மலிவானதாயிருந்தும் மிக விரைவில் நோயைத் தீர்த்தது. இறைச்சியிலும் பாலிலும் ஈஸ்ட்டிலும் பொதுவாயுள்ள அச்சத்தினைப் பெலாகிரா தடுக்கும் பொருள் என்று கருதி, அதற்குரிய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களால் பி-பி எனக் குறித்தார். 1927-இல் மிஸிஸிப்பி ஆறு பெருக்கெடுத்துப் பல்லாயிரவர் வீடிழந்து கூடாரங்களில் வாழ்ந்தபோது, ஸைடன்ஸ்ட்ரிக்கருடன் அங்குச் சுற்றிப் பார்த்து, செஞ்சிலுவைச் சங்கத்தின் வாயிலாக ஈஸ்ட் வழங்கச் செய்தார். முன்பு மறுத்த மாகாணங்கள் இம்முறை மறுக்கவில்லை.

அப்பொருளின் இரசாயன வடிவைக் காண அவர்க்கு ஆயுள் வாய்க்கவில்லை. 1929-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 17-ஆம் நாள் சிறுநீரகப் புற்றுநோயால் வாஷிங்டனில் உயிர் நீத்தார். வயது ஐம்பத்து நான்கு. யூத மத குரு இறுதி வழிபாடு செய்ய, அவர் உடலின் சாம்பல் பொட்டோமாக் ஆற்றில் தூவப்பட்டது. பலமுறை நோபெல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டிருந்தும் பரிசு கிட்டவில்லை. தனித்து வைத்தியம் செய்திருப்பின் செல்வராயிருப்பார். நால்வர் மக்களோடு விடப்பட்ட மனைவியார்க்கு அமெரிக்கச் சட்டசபை பின்னர் ஒரு மாதாந்தர உதவித்தொகையை ஏற்படுத்தியது.

எட்டாண்டுகள் கழிந்து 1937-இல், விஸ்கான்ஸின் சர்வகலாசாலையைச் சார்ந்த கான்ராட் எல்வெஹெம் என்பவரும் அவர் துணைவரும், கருநாக்குற்ற நாய்களை நிக்கோடினிக் அமிலம் தீர்ப்பதைக் கண்டனர். இதில் ஒரு விந்தை உண்டு. அவ்வமிலம் 1867-ஆம் ஆண்டிலேயே இரசாயனிகளுக்குத் தெரியும். 1910-க்குச் சற்றுப்பின் பெரிபெரி நோய்க்கு மருந்து தேடிய காஸிமிர் பங்க் என்பவர் அதனை அரிசித் தவிட்டினின்றும் பிரித்தும் எடுத்தார். பெரிபெரியைத் தீர்க்காமையால் ஒதுக்கி வைத்துவிட்டார். கோல்ட்பெர்கர் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை தேடித் திரிந்த பொருள், இரசாயனசாலைகளின் அலமாரிகளிலே சீட்டு ஒட்டிய சீசாக்களில் அந்நாள் முழுதும் இருந்தது!

நாய்க்குப் பலித்தது மனிதருக்கும் பலித்தது. டாம் ஸ்பீஸ் முதலிய மருத்துவர் பெலாகிரா நோயாளர்க்கு அவ்வமிலத்தைக் கொடுத்தபோது நாவின் புண் ஆறிற்று. அதனினும் வியப்பாக, பிதற்றிக்கொண்டிருந்தோரும், உற்றாரை அறியாது கிடந்தோரும், சில நாட்களுக்குள் தெளிந்து தம் பெயரும் ஊரும் கூறினர். நோய் நெடுநாள் முற்றியவரிடம் இவ்விரைவு காணப்படவில்லை என்பதும் உண்மையே. மனமென்பது உடலோடு தொடர்பற்றுத் தனித்தியங்குவதென நினைத்திருந்தார்க்கு இக்காட்சி பேரதிர்ச்சியாய் இருந்திருக்கும். புகையிலையிலுள்ள நிக்கோடின் நஞ்சோடு மயங்காதிருக்கப் பின்னர் அதற்கு நியாசின் எனப் பெயர் மாற்றினர்.

அதன் தொழில் இன்னதென்பதும் பின்னர் விளங்கிற்று. உண்ட உணவை உயிரணுக்கள் ஆற்றலாக மாற்றுதற்கு நியாசினிலிருந்து உண்டாகும் துணைப்பொருள்கள் இன்றியமையாதன. ஓயாது ஆற்றலைச் செலவிடும் மூளையும், ஓயாது புதுப்பிக்கப்படும் தோலும் குடலும் அவை குறைந்தவிடத்து முதலிற் கெடுகின்றன. பாலிலும் முட்டையிலும் நியாசின் மிகக் குறைவாயிருந்தும் அவை நோயைத் தீர்த்த மருமம் 1945-இல் வெளியாயிற்று: புரதத்திலுள்ள டிரிப்டோபேன் என்னும் பொருளை உடல் தானே நியாசினாக மாற்றிக்கொள்கின்றது. மக்காச்சோளத்தில் டிரிப்டோபேனும் குறைவு. உள்ள நியாசினும் உடலுக்கு எட்டாவாறு கட்டுண்டு கிடக்கின்றது. அத்தானியத்தை உலகிற்கு அளித்த மெக்ஸிகோ மக்களோ, அதனைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்தே அரைப்பர். சுண்ணாம்பு அக்கட்டை அவிழ்த்துவிடும். தானியத்தைக் கப்பலில் ஏற்றிச் சென்ற ஐரோப்பியர் அச்சமையல் முறையை ஏற்றிச் செல்லவில்லை. நம் நாட்டிலும் தக்காணத்தில் சோளத்தையே பெரிதும் உண்ட ஏழைகளிடம் பெலாகிரா காணப்பட்டது. ஹைதராபாத்தில் டாக்டர் கோபாலன் முதலியோர் 1960-இலும் அதனையடுத்தும் அதுபற்றி ஆராய்ந்து எழுதியுள்ளனர்.

இத்தொகுதியைச் சேர்ந்த வேறு வைட்டமின்களும் மனத்தைத் தொடுவன. தயமின் என்னும் பி1 குன்றினால், மிகுகுடியரிடம் நாம் காண்பதுபோலக் குழப்பமும் நினைவிழப்பும் நேரும். பி12 குன்றினால் மறதியும் மனச்சோர்வும் சிலரிடம் மருட்சியும் தோன்றும். ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பெலாகிராவிற் கண்ட வெற்றியால் ஊக்கமுற்று, மனச்சிதைவு நோய்க்கும் நியாசினைப் பேரளவிற் கொடுத்தால் தீரும் என 1950-களில் கனடா நாட்டிற் சிலர் முழங்கினர். பின்னர் முறையாக நடத்திய சோதனைகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. குறைந்ததை நிரப்புவதற்கும், குறையாததன்மேற் கொட்டுவதற்கும் வேறுபாடு உண்டு. கோல்ட்பெர்கர் உயிரோடிருப்பின் அவரும் அச்சோதனைகளையே முதலிற் கேட்டிருப்பார்.

1940-களில் அமெரிக்காவில் கோதுமை மாவிலும் ரொட்டியிலும் நியாசின் முதலிய சத்துக்களைச் சேர்க்கலாயினர். அதற்கிடையே பருத்திப் பயிர் சுருங்கி, போர்க்காலத் தொழில்களால் கூலியும் உயர்ந்தது. இரண்டும் கூடிப் பெலாகிராவை அந்நாட்டினின்றும் துடைத்தன. 1906 முதல் 1940 வரை ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர் அதனாற் பீடிக்கப்பட்டு ஓரிலட்சம் பேர் மாண்டனர் என்று கணக்கிடுவர்.

அவர் இறந்த காலத்தில், அவர் தேடிய சத்துக்கு அவர் பெயரின் முதலெழுத்தை வைத்து வைட்டமின் ஜி என்று அமெரிக்க அறிஞர் சிலர் வழங்கினர். ஆராய்ச்சி முதிர்ந்தபோது, அவ்வெழுத்து ஏறியிருந்தது வேறொரு பொருளாகிய ரிபோபிளேவின்மீது என்று தெரிந்தது. அதற்குப் பி2 என்ற பெயரே நிலைத்தது. ஜி என்னும் எழுத்து வைட்டமின்களின் பட்டியலில் இன்று இல்லை.